குண்டு கரிச்சானும் சூரிய கடிகாரமும்



நான் வாழும் நங்கநல்லூரில் வைகறைப் பொழுதை அறிவிப்பவை இரண்டு. ஒன்று, மீனம்பாக்கத்தில் இறங்க வரும் விமானத்தின் முழக்கம். மற்றொன்று, எதிர் வீட்டு மாடியில் உள்ள நீர்த்தொட்டியின்மேல் வந்து அமரும் ஒரு சிறு பறவையின் பாட்டு. விமானம் எல்லோரையும் எழுப்பிவிடும். பறவையின் பாட்டோ கேட்க விரும்புவோர் காதில் மட்டுமே விழும். அந்தப் பறவையின் பெயரைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். ஒரு குருவியின் பெயரில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். அந்தப் பெயருக்குள் நம் சென்னைப் பட்டணத்தின் வரலாறு ஒரு துண்டு இருக்கிறது. கற்றவர்கள் செய்த ஒரு பிழையும், அதைத் திருத்த ஒன்றரை நூற்றாண்டு ஆன கதையும் இருக்கின்றன. நான் செய்த பிழை ஒன்றும் அதனோடு சேர்ந்திருக்கிறது.

முதலில் பறவையை அறிமுகம் செய்து வைக்கிறேன். தமிழ்ப் பறவை நூல்களில் இதற்குக் குண்டு கரிச்சான் என்று பெயர். மலையாளத்தில் வண்ணாத்திப்புள் என்பர். வங்காளத்தில் தோயேல் என்பர். ஆங்கிலத்தில் மேக்பை ராபின் என்பர். அலகு முதல் வால் நுனி வரை ஏறத்தாழ 19 சென்டிமீட்டர் நீளம் உடையது. ஆணின் தலையும் மார்பும் முதுகும் நீலம் பாய்ந்த கருமை நிறம். வயிறு தூய வெண்மை. இறகில் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். பெண் பறவைக்குக் கருமை இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறம் இருக்கும். தரையில் தத்தித் தத்திப் பூச்சி பிடிக்கும்போது வாலைச் செங்குத்தாக உயர்த்தி நிறுத்துவது இதன் வழக்கம். மரப்பொந்திலும் சுவரின் துளையிலும் கூடு கட்டும். பங்குனி முதல் ஆடி வரை ஆண் பறவை உயரமான இடம் தேடி அமர்ந்து, பொழுது புலருமுன்பே பாடத் தொடங்கிவிடும். பிற பறவைகளின் குரலையும் இடையிடையே எடுத்தாளும். மழையும் குளிரும் வந்துவிட்டால், அதே பறவை இருக்குமிடம் தெரியாமல் புதர்நிழலில் ஒதுங்கிக் கிடக்கும்.

இனி, என் பிழையைச் சொல்கிறேன். 1984ஆம் ஆண்டு. ஆசிரியப் பயிற்சி முடித்து நான் பணியில் சேர்ந்த புதிது. ஆங்கிலப் பாடத்தில் ராபின் என்னும் பறவையைப் பற்றி ஒரு பகுதி வந்தது. பின்வரிசையில் இருந்த சிறுமி ஒருத்தி எழுந்து, "சார், ராபின் என்றால் நம் ஊரில் எந்தக் குருவி?" என்று வினவினாள். "அது சீமைக் குருவி, அம்மா, நம் ஊரில் கிடையாது" என்றேன். அவள் விடவில்லை. "எங்கள் வீட்டுக் கிணற்றடியில் ஒன்று வரும், சார். வாலைத் தூக்கிக்கொண்டே நிற்கும். எங்கள் ஆயா அதைக் கரிச்சான் என்பார்கள். நெஞ்சு மட்டும் சிவப்பாக இருக்காது. அதுவா, சார்?" என்றாள். வகுப்பில் சிரிப்பு எழுந்தது. நானும் சிரித்துவிட்டேன். "உட்கார், அம்மா. ஆயா சொல்வது வேறு, புத்தகத்தில் இருப்பது வேறு" என்று கூறிப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவள் உட்கார்ந்தாள். அதன்பின் அந்த ஆண்டு முழுவதும் அவள் எழுந்து ஒரு கேள்வியும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பல ஆண்டுகள் கழித்தே பறவை நூல்களைப் படிக்கத் தொடங்கினேன். அந்தச் சிறுமியின் கேள்வி எவ்வளவு நுட்பமானது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

ராபின் என்ற பெயர் உலகெங்கும் எவ்வாறு பரவியது என்று பாருங்கள். இங்கிலாந்தில் ஒரு சிறு பறவை உண்டு. நீளம் 14 சென்டிமீட்டர்தான். முகமும் மார்பும் செம்மஞ்சள் நிறம். பழங்காலத்தில் ஆங்கிலேயர் அதைச் செம்மார்பன் என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். செம்மஞ்சளைச் சிவப்பு என்பது பொருந்துமா என்று கேட்பீர்கள். ஆரஞ்சு என்ற சொல் நிறத்தின் பெயராக ஆங்கிலத்தில் வழங்கத் தொடங்கியது 16ஆம் நூற்றாண்டில்தான். பறவைக்கு அதற்கு முன்னரே பெயர் வைத்தாயிற்று. 15ஆம் நூற்றாண்டில் அந்தப் பறவையின்மேல் உள்ள அன்பினால், இராபர்ட் என்னும் மக்கட்பெயரின் செல்ல வடிவமான ராபின் என்பதை அதன் முன்னே சேர்த்தனர். நாளடைவில் செம்மார்பன் என்பது கழன்று, ராபின் என்பதே பறவையின் பெயராக நிலைத்தது.

17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் அட்லாண்டிக் கடலைக் கடந்து வட அமெரிக்காவில் குடியேறினர். அங்கே வீட்டுத் தோட்டத்திலும் புல்வெளியிலும் வேறொரு பறவையைக் கண்டனர். அது 25 சென்டிமீட்டர் நீளமுள்ளது. மார்பு செங்கல் நிறம். விடியற்காலையில் இனிமையாகப் பாடும். தாய்நாட்டை விட்டு வந்தவர்களுக்கு அந்தச் செம்மார்பைக் கண்டதும் ஊர் நினைவு வந்தது. அதற்கும் ராபின் என்றே பெயரிட்டனர். உண்மையில் அது இங்கிலாந்தின் ராபினுக்கு நெருங்கிய உறவு அன்று. திரஷ் என்னும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தது. கரோலினா நாட்டின் உயிரினங்களை ஆராய்ந்து படம் வரைந்த மார்க் கேட்ஸ்பி, தம் நூலின் முதல் தொகுதியில் அதைத் திரஷ் வகைப் பறவையாகவே சரியாக இனங்கண்டு எழுதினார். லின்னேயஸ் 1766இல் அதற்கு வலசை போகும் திரஷ் என்று பொருள்படும் இலத்தீன் பெயரை இட்டார். ஆயினும் மக்கள் நாவில் ராபின் என்பதே நிலைத்தது. இன்று கனெக்டிகட், மிச்சிகன், விஸ்கான்சின் ஆகிய மூன்று மாநிலங்கள் அதைத் தம் மாநிலப் பறவையாகக் கொண்டுள்ளன.

இதைக் கேட்டு அந்தக் குடியேறிகளை எள்ளி நகையாட வேண்டா. புதியதைக் காணும் மனிதன் பழைய பெயரைக் கொண்டே அதைப் பற்றிக்கொள்கிறான். நாமும் அவ்வாறே செய்திருக்கிறோம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த ஒரு காயைச் சீமைக் கத்தரிக்காய் என்றோம். அது கத்தரி இனமே அன்று, பூசணிக் குடும்பத்துக் கொடியின் காய். அங்கிருந்து வந்த முள்மரத்தைச் சீமைக் கருவேலம் என்றோம். என் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் குன்றுக்குப் பரங்கிமலை என்று பெயர். பிராங்கு என்னும் ஐரோப்பிய இனத்தாரின் பெயர் அரபு, பாரசீக நாடுகளின் வழியே வந்து, நம் நாவில் பரங்கி ஆகி, போர்த்துகீசியர் கோயில் எழுப்பிய மலைக்குப் பெயராயிற்று. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. நாம் சீமை என்ற அடைமொழியை முன்னே வைத்து, இது வேறு, அது வேறு என்று ஓர் எச்சரிக்கை செய்து வைத்தோம். அமெரிக்கக் குடியேறிகள் அந்த எச்சரிக்கையைச் செய்யவில்லை.

இனி நம் ஊர்ப் பறவைக்கு வருவோம். நங்கநல்லூரிலிருந்து ஏறத்தாழப் பத்துக் கல் தொலைவில் கடற்கரையோரம் புனித ஜார்ஜ் கோட்டை இருக்கிறது. 1639இல் இடம் பெற்று, அடுத்த ஆண்டு முதல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் எழுப்பிய கோட்டை அது. அங்கே 1692இல் மருத்துவராகப் பொறுப்பேற்றவர் எட்வர்டு பல்க்லி. இந்தியாவில் நீதி விசாரணைக்காக நடந்த பிணப் பரிசோதனைகளுள் ஏட்டில் பதிவான முதலாவது பரிசோதனையை 1693இல் செய்தவர் அவரே. அவருக்கு மருத்துவத்தோடு மற்றொரு நாட்டமும் இருந்தது. செடிகள், சங்குகள், பூச்சிகள், பறவைகள் ஆகியவற்றைத் திரட்டிப் பெயரோடு இலண்டனுக்கு அனுப்பி வந்தார். 1714இல் இதே சென்னையில் காலமானார்.

இலண்டனில் அவற்றைப் பெற்றுக்கொண்டவர் ஜேம்ஸ் பெட்டிவர். அவர் மருந்துக் கடை நடத்தியவர். இராயல் கழகத்தின் உறுப்பினர். உலகின் பல மூலைகளிலிருந்து கப்பல் மருத்துவர்களும் வணிகரும் அனுப்பிய பொருள்களைச் சேர்த்து வைத்தார். அவர் மறைந்தபின் அந்தச் சேமிப்பு முழுவதையும் ஹான்ஸ் சுலோன் வாங்கினார். பின்னர் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் தோன்ற அடிப்படையாக அமைந்தவற்றுள் அதுவும் ஒன்று.

சென்னையிலிருந்து பல்க்லி அனுப்பியவற்றுள் ஓர் ஆண் குண்டு கரிச்சானும் இருந்தது. அதனோடு சௌலரி என்ற நாட்டுப் பெயரையும் எழுதி அனுப்பியிருந்தார். பெட்டிவர் அதை விவரித்து எழுதினார். ஜான் ரே என்னும் பேரறிஞர் எழுதி, அவர் மறைந்த பின் 1713இல் வெளிவந்த பறவை நூலின் பின்னிணைப்பில், சென்னைப் பறவைகள் என்ற பகுதியில் அது இடம் பெற்றது. இவ்வாறு நம் பட்டணத்துப் பறவைகள் இலத்தீன் நூலில் ஏறி முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன.

இதன் பிறகே குழப்பம் தொடங்குகிறது. 1730களில் எலியாசர் ஆல்பின் என்னும் ஓவியர் இலண்டனில் பறவைப் படங்களைத் தொகுத்து வெளியிட்டார். அவரிடம் இதே பறவை, வட இந்தியாவில் வழங்கும் தயல் என்ற பெயரோடு வந்து சேர்ந்தது. ஆங்கிலக் காதுக்குத் தயல் என்பது டயல் என்று கேட்டது. அவரும் டயல் பறவை என்றே எழுதிவிட்டார். டயல் என்றால் ஆங்கிலத்தில் கடிகார முகம். அக்காலத்தில் பெரும்பாலும் சூரிய கடிகாரத்தைக் குறித்த சொல். வெயிலில் ஒரு கோலை நட்டு, அதன் நிழல் விழும் இடத்தைக் கொண்டு நேரம் அறியும் கருவி அது.

1758இல் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ், உயிரினங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் இட்டு வகுத்த தம் பெருநூலின் பத்தாம் பதிப்பை வெளியிட்டார். அதில் நம் பறவைக்குக் கிராக்குலா சாலாரிஸ் என்று பெயர் சூட்டினார். மலை மைனாவை எந்த இனத்தில் வைத்தாரோ, அதே இனத்தில் இதையும் வைத்தார். இனப்பெயர் பின்னர் மாறி, இப்போது காப்சைக்கஸ் சாலாரிஸ் என வழங்குகிறது. சாலாரிஸ் என்னும் பிற்பகுதி மட்டும் அன்று வைத்தபடியே இருக்கிறது.

சாலாரிஸ் என்றால் என்ன? இலத்தீனில் அப்படி ஒரு சொல் இல்லை. ஆனால் சோலாரிஸ் என்ற சொல் உண்டு. அதற்குச் சூரியனுக்குரியது என்று பொருள். டயல் பறவை என்று ஆல்பின் எழுதியதையும், சோலாரிஸ் என்பதோடு ஒலியில் ஒத்திருப்பதையும் அறிஞர்கள் சேர்த்துப் பார்த்தனர். ஒரு கதை உருவாயிற்று. தென்னாப்பிரிக்காவில் பயணம் செய்து புகழ் பெற்ற பிரெஞ்சு அறிஞர் லெவையான், இந்தப் பறவைக்குச் சூரிய கடிகாரம் என்று பொருள்படும் கத்ரான் என்ற பிரெஞ்சுப் பெயரையே வைத்துவிட்டார். சென்னை மாகாணத்தில் மருத்துவராகப் பணியாற்றி, 1862 முதல் 1864 வரை இந்தியப் பறவைகள் என்னும் மூன்று தொகுதி நூலை வெளியிட்ட தாமஸ் ஜெர்டனும் இக்கதையை ஏற்றார். லின்னேயஸ் சூரிய கடிகாரத்தை நினைத்துச் சோலாரிஸ் என்று எழுத முற்பட்டு, பேனா தவறிச் சாலாரிஸ் என்று எழுதிவிட்டார் என்பது ஜெர்டனின் விளக்கம்.

எவ்வளவு அழகான விளக்கம் பாருங்கள்! விடியலில் சூரியனை வரவேற்றுப் பாடும் பறவை. வாலைச் சூரிய கடிகாரத்தின் கோல்போல் நிமிர்த்தி வைக்கும் பறவை. அதற்குச் சூரியப் பறவை என்று பெயர். எல்லாம் பொருந்துகிறது. பொருந்துகிறதேயொழிய, உண்மை அன்று.

அதைத் தவறென்று காட்டியவர் எட்வர்டு பிளைத். கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகத்தை 1841 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் பேணியவர் அவர். அவர் புதிய கற்பனை எதுவும் செய்யவில்லை. பழைய ஏட்டை எடுத்துப் புரட்டினார், அவ்வளவே. லின்னேயசுக்கு 45 ஆண்டுகள் முன்பே வெளிவந்த ரேயின் நூலில், சென்னையிலிருந்து பல்க்லி அனுப்பிய சௌலரி என்ற பெயர் இருப்பதைக் கண்டார். சௌலரியை இலத்தீன் உருவாக்கினால் சாலாரிஸ் ஆகும். இதில் சூரியனும் இல்லை, கடிகாரமும் இல்லை, பேனாத் தவறும் இல்லை. லின்னேயஸ் எழுத நினைத்ததையே எழுதினார். சௌ என்பது இந்தியில் நூறு. நூறு பாட்டுப் பாடும் பறவை என்பதே அப்பெயரின் பொருள் என்றும் பிளைத் விளக்கினார். ஐபிஸ் என்னும் பறவையியல் இதழில் இது வெளிவந்தது. 1713இல் அச்சில் ஏறிய ஒரு சொல்லை அடையாளம் காண ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று.

இந்த வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பல்க்லியின் பெயர் நூலில் இருக்கிறது. பெட்டிவரின் பெயர் இருக்கிறது. லின்னேயஸ், ஜெர்டன், பிளைத் ஆகியோரின் பெயர்கள் இருக்கின்றன. கோட்டையின் மருத்துவர் பறவையைக் காட்டி, "இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டபோது, "சௌலரி" என்று விடை சொன்ன நாட்டு மனிதரின் பெயர் மட்டும் நான் படித்த எந்த நூலிலும் இல்லை. அவர் சொன்ன சொல்லோ இன்று உலகின் எல்லாப் பறவை நூல்களிலும் இருக்கிறது. சென்னைப் பட்டணத்தின் வீதியிலோ சந்தையிலோ வழங்கிய ஒரு வாய்மொழி, அறிவியலின் ஆட்சிப் பெயராக நிலைத்துவிட்டது. அதைக் கற்றவர்கள் தவறாகப் படித்தார்களே தவிர, சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை.

சற்றே ஆங்கிலப் பெயரையும் பார்ப்போம். மேக்பை ராபின் என்பது இரு பறவைகளின் பெயர்களை ஒட்டி அமைந்தது. மேக்பை என்பது காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்த, கருப்பும் வெள்ளையுமான ஐரோப்பியப் பறவை. அதன் பழம்பெயர் பை என்பதே. அதன் முன்னே மார்கரெட் என்ற பெண்பெயரின் செல்ல வடிவமான மேக் என்பதை மக்கள் சேர்த்தனர். ஆகவே நம் கரிச்சானின் ஆங்கிலப் பெயரில் ஒரு மார்கரெட்டும் ஒரு இராபர்ட்டும் ஒளிந்திருக்கிறார்கள்! தமிழிலும் இத்தகைய அன்பு உண்டு. ஆண்டாள் திருப்பாவையில் ஆனைச்சாத்தன் என்றொரு பறவை வருகிறது. உரையாசிரியர்கள் அதை வலியன் என்பர். சாத்தன் என்பது பண்டைத் தமிழரிடையே பெருவழக்காக இருந்த ஆண்பெயர். மணிமேகலை ஆசிரியரின் பெயரும் சாத்தனாரே. விடியற்காலையில் குரல் கொடுக்கும் பறவைக்கு அண்டை வீட்டு மனிதரின் பெயரை வைப்பது எல்லா மொழியாருக்கும் பொதுவான குணம் போலும்.

வலியன் என்பதற்கும் ஒரு பெயர்க்காரணக் கதை உண்டு. பரஞ்சோதி முனிவர் இயற்றிய திருவிளையாடற் புராணத்தில், கரிக்குருவிக்கு உபதேசம் செய்த கதை வருகிறது. காக்கை முதலிய பறவைகள் ஓயாது தலையில் கொத்தித் துன்புறுத்த, எளிய கரிக்குருவி ஒன்று மதுரைக்கு வந்து பொற்றாமரையில் நீராடி இறைவனை வழிபட்டது. இறைவன் அதற்கு மந்திரம் உபதேசித்து, தன்னைத் துன்புறுத்திய பறவைகளையே வெல்லும் வலிமையைத் தந்தான். எளிய குருவிக்கு வலியான் என்று பெயராயிற்று. இது புராணம், ஆயினும் இதனுள் கூர்ந்த நோட்டம் ஒன்று இருக்கிறது. பிளவுபட்ட வால் உடைய அந்தக் கரிய குருவி, தன் கூட்டருகே வரும் காக்கையையும் பருந்தையும் துரத்தித் துரத்திக் கொத்துவதை வயற்காட்டில் இன்றும் காணலாம். ஆங்கிலேயர் அதனைக் காக்கைகளின் அரசன் என்னும் பொருளில் அழைத்தனர். மதுரையில் கதை சொன்னவரும் இலண்டனிலிருந்து வந்தவரும் ஒரே செயலைக் கண்டே பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த வலியனுக்கும் கரிச்சான் என்று பெயர் உண்டு. நம் பாட்டுப் பறவைக்கும் கரிச்சான் என்று பெயர். இரண்டும் வேறு வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. கருமை ஒன்றே பொது. அமெரிக்கக் குடியேறிகள் சிவப்பைக் கண்டு ராபின் என்றார்கள். நாம் கருப்பைக் கண்டு கரிச்சான் என்றோம். ஆனால் நம்மவர் குண்டு என்ற அடையைச் சேர்த்து, நீண்டு பிளந்த வாலுடைய கரிச்சானிலிருந்து உருண்டு திரண்ட இந்தக் கரிச்சானைப் பிரித்துவிட்டார்கள். பேராசிரியர் க. ரத்னம் போன்றோர் இத்தகைய நாட்டுப் பெயர்களை ஊர் ஊராகத் திரட்டி நூலாக்கித் தந்தமையால், அவற்றுள் பல நமக்கு மிஞ்சின.

இப்போது அந்தச் சிறுமியின் கேள்விக்குத் திரும்புவோம். பறவைகளின் உறவுமுறையை இன்று மரபணுவைக் கொண்டு ஆராய்கிறார்கள். அந்த ஆராய்ச்சி என்ன சொல்கிறது? இங்கிலாந்தின் ராபினும் நம் குண்டு கரிச்சானும் பழைய உலகத்து ஈப்பிடிப்பான்கள் எனப்படும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அமெரிக்க ராபினோ திரஷ் குடும்பத்தைச் சேர்ந்தது. அதாவது, மார்பு சிவந்திருந்தும் அமெரிக்க ராபின் தூரத்து உறவு. மார்பு சிவக்காத நம் கிணற்றடிக் கரிச்சானே நெருங்கிய உறவு. "வாலைத் தூக்கிக்கொண்டே நிற்கும், நெஞ்சு மட்டும் சிவப்பாக இருக்காது. அதுவா, சார்?" என்று அவள் கேட்டாள். நிறத்தை ஒதுக்கிவிட்டு நிற்கும் பாங்கைக் கொண்டு அவள் ஒப்பிட்டாள். அவள் கேள்விக்கு விடை, "கிட்டத்தட்ட அதுதான், அம்மா" என்பது. நான் சொன்ன விடை, "உட்கார், அம்மா" என்பது.

லெவையான் நூலை மட்டும் பார்த்துப் பிழைபட்டார். ஜெர்டன் பறவையை அறிந்திருந்தும், அழகிய விளக்கத்தில் மயங்கினார். நானோ நூலையும் சரியாகப் பார்க்கவில்லை, பறவையையும் பார்க்கவில்லை. பார்த்துவிட்டு வந்து சொன்ன குழந்தையையும் நம்பவில்லை. மூவரில் என் பிழையே பெரிது. அவர்கள் ஒரு சொல்லைத்தான் தவறாகப் படித்தார்கள். நான் ஒரு கேள்வியை அடக்கிவிட்டேன். அந்தப் பெண் இப்போது எங்கிருக்கிறாளோ, அறியேன். இந்த வானொலி அலை அவள் காதில் விழுமானால், நாற்பது ஆண்டு தாமதமான இந்த விடையை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்.

மாணவர்களே, பெயர் வரலாறு ஆராய்வோருக்கு இதிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. முதலாவது, பொருத்தமாக இருப்பதெல்லாம் உண்மை ஆகிவிடாது. எங்கள் ஊரில், நங்கை நல்லூர் என்பதே நங்கநல்லூர் ஆயிற்று என்று பலர் சொல்வர். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆயினும் பழைய ஆவணமோ கல்வெட்டோ காட்டும்வரை, அதை ஊரார் கூற்று என்றே எழுத வேண்டும். இரண்டாவது, எழுத்தறியாதவர் சொன்ன சொல் என்று எதையும் தள்ளிவிடக் கூடாது. சௌலரி என்று ஒருவர் வாயால் சொன்னதே மெய். அதன்மேல் கற்றோர் கட்டிய சூரிய கடிகாரமே பொய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நூறு பாட்டு என்று புகழப்பட்டதே இப்பறவைக்குத் துன்பமும் ஆயிற்று. பாட்டுக்காக இதைப் பிடித்துக் கூண்டில் அடைத்தனர். சிங்கப்பூரில் எங்கும் கேட்ட இதன் குரல், பிடிப்போர் மிகுந்ததால் 1970களில் மிக அரிதாகிவிட்டது. பின்னர் அரும்பாடுபட்டு மீண்டும் கொண்டுவந்து விட்டார்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய பறவைகளைப் பிடிப்பதைத் தடுக்கிறது. வங்கதேசத்தார் இதனைத் தம் தேசியப் பறவையாகப் போற்றுகின்றனர். நங்கநல்லூரில் ஏரியும் வயலும் கிணறும் தோட்டமும் இருந்த இடங்களில் இன்று அடுக்கு வீடுகள் நிற்கின்றன. பொந்துள்ள மரம் குறைந்துவிட்டது. ஆயினும் சுவரில் ஒரு துளை, முற்றத்தில் ஒரு முருங்கை, புழுவும் பூச்சியும் வாழ ஒரு சாண் மண் இருந்தால், கரிச்சான் நம்மை விட்டுப் போவதில்லை.

நாளை விடியுமுன் எழுந்து, உங்கள் தெருவில் மிக உயர்ந்த இடத்தை அண்ணாந்து பாருங்கள். கருப்பும் வெள்ளையுமாக ஒரு பறவை பாடிக்கொண்டிருந்தால், உங்கள் வீட்டில் மூத்தவர் யாரேனும் ஒருவரை அழைத்து, "இதற்கு உங்கள் ஊரில் என்ன பெயர்?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயரை, சொன்னவர் பெயரோடும் ஊரோடும் சேர்த்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். சௌலரி என்று சொன்னவரின் பெயரை அன்று எவரும் எழுதி வைக்கவில்லை. உங்கள் ஆயாவின் பெயராவது அந்தக் குறிப்பேட்டில் இருக்கட்டும்.